வண்டி போயாச்சு, பெயர் போகவில்லை: பழைய வண்டி விற்பனையில் சட்டம் யாரை உரிமையாளர் என்கிறது?

2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் வெடித்தது. ஹரியாணா பதிவெண் கொண்ட கார் அது. எண்ணை வைத்துக்கொண்டு போலீஸ் முதலில் விசாரிக்கப் போனது, அந்தக் காரை எப்போதோ விற்றுவிட்ட ஒருவரிடம். கார் பல கை மாறியிருந்தது, பதிவேட்டில் மட்டும் பழைய பெயரே இருந்தது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து பலருக்கும் தாங்கள் கொடுத்துவிட்ட பழைய பைக், பழைய கார் ஞாபகத்துக்கு வந்திருக்கும். பணம் வாங்கியாச்சு, சாவி கொடுத்தாச்சு, ஃபார்மில் கையெழுத்தும் போட்டாச்சு. அதோடு முடிந்ததா?

முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது பெரும்பாலானவர்களுக்குச் சரியாகத் தெரியாது, ஏனென்றால் இந்த விஷயத்தில் இரண்டு சட்டங்கள் இரண்டு வேறு ஆட்களை உரிமையாளர் என்று சொல்கின்றன.

## விற்பனை ஒன்று, உரிமையாளர் இரண்டு பேர்

பைக், கார் எல்லாம் அசையும் சொத்து. அவற்றை விற்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீசும் தெரியாது, ஃபார்மும் தெரியாது. விற்பவரும் வாங்குபவரும் எந்த நேரத்தில் பொருள் கை மாற வேண்டும் என்று எண்ணினார்களோ அந்த நேரத்தில் சொத்து மாறிவிடுகிறது. பணம் கொடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனால் வியாபாரம் முடிந்தது. இது செல்லுபடியாகும் விற்பனைதான், நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளும்.

ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. அதன் 2(30) பிரிவு, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்கிறது. இரண்டே விதிவிலக்கு. ஒன்று, பதிவு செய்தவர் மைனர் என்றால் அவருடைய காப்பாளர். இன்னொன்று, வண்டி கடனிலோ குத்தகையிலோ இருந்தால், அந்த ஒப்பந்தத்தின் கீழ் வண்டியை வைத்திருப்பவர். வேறு யாருக்கும் அதில் இடமில்லை. காசு கொடுத்து வாங்கி, இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கூட ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பெயர் ஏறும் வரை அந்தச் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் கிடையாது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு ஏற்பாடு உண்டு. அங்கே டைட்டில் என்று ஒரு சான்றிதழ் தனியாக இருக்கும், அது சொத்துரிமைக்கு. பதிவு என்பது தனி, அது சாலையில் ஓட்டுவதற்கு. சாலைக்கே வராத, கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர ஏடிவி வண்டிக்குக்கூடப் பல மாநிலங்களில் டைட்டில் உண்டு, விற்பவர் அதில் கையெழுத்திட்டு வாங்குபவர் கையில் கொடுப்பார். நம் ஊரில் அப்படி ஒரு காகிதமே இல்லை. ஆர்.சி. என்ற ஒரே அட்டையைத்தான் இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அது உருவானது இரண்டாவது வேலைக்காக மட்டும்.

ஆக, விற்பனை இரண்டு தடவை நடக்கிறது. ஒரு தடவை தெருவில், இன்னொரு தடவை ஆர்.டி.ஓ. கணினியில். இடையில் இருக்கும் நாட்கள் ஒரு வாரமாகவும் இருக்கலாம், பத்து வருடமாகவும் இருக்கலாம். அந்த நாட்களின் சுமை பெரும்பாலும் விற்றவர் தலையில்தான்.

## 2018 தீர்ப்பு சொன்னது

இந்த இடைவெளியில் விபத்து நடந்தால் இழப்பீட்டை யார் கொடுப்பது என்பதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. ஹரியாணாவில் 2009-இல் நடந்த ஒரு விபத்து இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. ரிவர்ஸில் வந்த கார் ஒன்று தெருவில் நடந்துபோன இருவர் மீது மோதி, ஒருவர் இறந்துபோனார். பதிவு உரிமையாளரோ, அதை 2007-லேயே விற்றுவிட்டேன் என்றார். வாங்கியவர் வேறொருவருக்கு விற்றதாகச் சொன்னார், அந்த ஆள் இன்னொருவரைக் காட்டினார், அவர் மேலும் ஒருவரைக் காட்டினார். ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பதிவு உரிமையாளரையும் ஓட்டுநரையும் பொறுப்பாக்கியது. உயர் நீதிமன்றம் அதை மாற்றி, வண்டியைப் பின்னால் வாங்கிய ஒருவர் தலையில் வைத்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில், நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பில், மறுபடி பதிவு உரிமையாளரிடமே கொண்டுவந்து நிறுத்தியது. காரணம் எளிமையானது: அடிபட்டவரோ இறந்தவரின் குடும்பமோ, வண்டி யார் யார் கைக்குப் போனது என்று ஒவ்வொருவராகத் தேடி அலைய முடியாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் அவர்களால் பிடிக்க முடியும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், விற்பனை செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 2001-இல் வந்த பழைய தீர்ப்பொன்றைச் சுட்டிக்காட்டி, பணம் கொடுத்து வண்டியை ஒப்படைத்தால் சொத்துரிமை மாறலாம், ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் நோக்கத்துக்குப் பதிவேட்டில் இருப்பவரே உரிமையாளர் என்றுதான் சொன்னது. அதாவது வண்டி உங்களுடையது இல்லை, ஆனால் வண்டி செய்த வினை உங்களுடையது. இழப்பீட்டைக் கட்டிவிட்டு, வாங்கியவரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றால் அது நீங்கள் தனியாகப் போடவேண்டிய வழக்கு.

கடுமையான தீர்ப்புதான். ஆனாலும் நியாயமானது என்றே படுகிறது. பதிவேட்டைத் திருத்தி வைக்கும் வாய்ப்பு விற்றவருக்கு இருந்தது, தெருவில் நடந்துபோனவருக்கு இல்லை.

## பெயர் மாறாத வண்டி என்னென்ன கொண்டுவரும்

1. இ-சலான். கேமரா பிடிப்பது நம்பர் பிளேட்டை மட்டும்தான். சிக்னல் மீறல், ஹெல்மெட் இல்லாதது, எல்லாமே பதிவில் உள்ள மொபைல் எண்ணுக்கு வரும். எரிச்சல் தரும் விஷயம், ஆனால் இருப்பதிலேயே சின்னது. சொல்லப்போனால் வண்டி எந்த ஊரில் சுற்றுகிறது என்று காட்டிக்கொடுக்கும் நன்மையும் அதில் உண்டு.

2. ஓட்டியது யார் என்ற கேள்வி. சட்டத்தின் 133-வது பிரிவின்படி, வண்டி ஏதாவது குற்றத்தில் சிக்கினால் ஓட்டியவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரம் கேட்கும் அதிகாரம் போலீசுக்கு உண்டு, சொல்லும் கடமை உரிமையாளருக்கு உண்டு. வண்டியை வாங்கியவரின் போன் நம்பர்கூட இப்போது உங்களிடம் இல்லை என்றால் என்ன பதில் சொல்வீர்கள்?

3. சிறுவர் ஓட்டினால். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் குற்றம் செய்தால் அவருடைய காப்பாளரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் நிரூபிக்கும் வேலை உங்களுடையது. கையில் தேதி போட்ட ஒரு காகிதமும் இல்லாமல் அதை எப்படிச் செய்வது?

4. இழப்பீடு. மேலே சொன்ன கதை. இதில்தான் குடும்பமே ஆட்டம் கண்டுவிடும் அளவுக்குத் தொகை வரும்.

5. குற்ற வழக்கு. செயின் பறிப்பு, கடத்தல், அதற்கும் மேலே. விற்றது உண்மை என்றால் கடைசியில் வெளியே வந்துவிடலாம், ஆனால் அந்தக் கடைசி வரை ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்.

## இன்சூரன்ஸ்: ஆபத்து எப்போது தொடங்குகிறது

இந்த இடத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விற்ற முதல் மாதம்தான் ஆபத்தான காலம் என்று நினைப்பார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான்.

சட்டத்தின் 157-வது பிரிவு, வண்டி கை மாறிய நாளிலிருந்தே அதன் இன்சூரன்ஸும் வாங்கியவருக்கு மாறிவிட்டதாகக் கருதப்படும் என்கிறது. வாங்கியவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தத் தானியங்கி மாற்றம் மூன்றாம் நபர் பாதுகாப்புக்கு மட்டும்தான், அதாவது வண்டி இடித்து அடிபட்ட வெளி ஆளுக்குக் கொடுக்கும் தொகைக்கு. பாலிசி உயிரோடு இருக்கும் வரை, ஆர்.சி. யார் பெயரில் இருந்தாலும், சாலையில் அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுக்க வழி இருக்கிறது.

வண்டியின் சொந்தச் சேதம் வேறு கதை. பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாமல் வாங்கியவர் வண்டியை இடித்துக்கொண்டாலோ வண்டி திருடு போனாலோ, அவருக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தமே இல்லை என்று கிளைம் மறுக்கப்படலாம். 1990-களின் நடுவிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. விற்றவரும் கிளைம் கேட்கப் போனால், விற்ற பொருளில் உமக்கென்ன நஷ்டம் என்ற கேள்வி வரும். இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும் காசு அது.

சரி, விற்றவருக்கு ஆபத்து எப்போது? பாலிசி காலாவதியாகும் அன்று. பெயர் மாற்றவே சோம்பல்பட்டவர் பாலிசியைப் புதுப்பிப்பார் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது? பழைய பைக்கை வாங்கிய பலர் புதுப்பிப்பதே இல்லை. அந்த நாளிலிருந்து அந்த வண்டி இடிக்கும் ஒவ்வொரு இடிக்கும் பின்னால் நிற்பது கம்பெனி இல்லை, பதிவேட்டில் உள்ள பெயர். விற்று ஒன்றரை வருடம் ஆச்சு, ஒரு பிரச்சினையும் இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. கிளைம் எடுக்காமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் நோ கிளைம் போனஸ், அதிகபட்சம் 50 சதவீதம் வரை போகும் தள்ளுபடி, அது வண்டிக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். விற்கும்போது கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் 3 வருடத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். வாங்கியவர் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றும்போது அந்தத் தள்ளுபடித் தொகையைக் கட்டச் சொல்வதற்கும் காரணம் இதுதான், கம்பெனி ஏமாற்றுகிறது என்று சண்டை போட வேண்டாம்.

## எந்த ஃபார்ம் எதற்கு

ஃபார்ம் எண்களைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லி, இருபத்தொன்பது முப்பது என்பது ஒரே வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. இரண்டும் வேறு வேறு.

1. ஃபார்ம் 29 என்பது விற்றவரின் அறிவிப்பு. இன்ன வண்டியை இன்னாருக்கு இன்ன தேதியில் விற்றேன் என்று ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்வது. 50-வது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை என்றால் விற்றவர் 14 நாளுக்குள் இதைத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும். இது விற்றவருக்கு உள்ள தனிக் கடமை. வாங்கியவர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

2. ஃபார்ம் 30 என்பது பெயரை மாற்றித் தாருங்கள் என்ற விண்ணப்பம். இரண்டு பேர் கையெழுத்தும் அதில் உண்டு. வாங்கியவர் 30 நாளுக்குள், தான் வசிக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ.விடம் கொடுக்க வேண்டும்.

3. ஃபார்ம் 35 கடன் முடிந்ததற்கு. ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கும் வரை, அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. கடைசி டியூ கட்டியதும் கடன் தானாக ஆர்.சி.யிலிருந்து போய்விடும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். போகாது. கம்பெனியிடம் கடன் முடிந்த சான்றும் ஃபார்ம் 35-உம் வாங்கி, எச்.பி. கேன்சல், அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்கும் வேலை, செய்தால்தான் போகும்.

4. ஃபார்ம் 28 என்.ஓ.சி.க்கு, அதாவது ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றுக்கு. வேறு மாநிலத்துக்கு வண்டி போகிறது என்றால் இது கட்டாயம் தேவை.

5. ஃபார்ம் 31 உரிமையாளர் இறந்துபோன பிறகு வாரிசு பெயருக்கு மாற்ற. அப்பா பெயரில் இருக்கும் வண்டியை, அவர் காலமான பிறகு, பழைய கையெழுத்தை வைத்து நேராக வெளி ஆளுக்கு விற்பது நிறைய நடக்கிறது. இறந்தவரே விற்றது மாதிரி தேதியை இட்டு நிரப்பினால் அது போலி ஆவணம், அவ்வளவுதான். முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அப்புறம் விற்க வேண்டும். 2021-லிருந்து ஆர்.சி.யில் நாமினி பெயரைச் சேர்க்கும் வசதியும் வந்துவிட்டது, உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்து வைத்தால் குடும்பத்துக்கு அலைச்சல் குறையும்.

கட்டணத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். மத்திய விதிகளின்படி பெயர் மாற்றக் கட்டணம் என்பது பதிவுக் கட்டணத்தில் பாதி: பைக்குக்கு 150 ரூபாய், சொந்த உபயோகக் காருக்கு 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டு, மாநிலச் சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு டேங்க் பெட்ரோல் காசுகூட வராது. இதை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை தலைவலி.

விண்ணப்பத்தை மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் தொடங்கலாம். அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வாங்குபவரின் முகவரிச் சான்று, இவை அடிப்படை. நிலுவையில் உள்ள சலான்கள் இருந்தால் முதலில் அவற்றைக் கட்டிவிட்டுப் போவது நல்லது, அங்கே போய் மாட்டிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்காது.

## கன்சல்டிங் கடையில் விட்டால்

தமிழ்நாட்டில் பழைய வண்டி வியாபாரம் பெரும்பாலும் ஆட்டோ கன்சல்டிங் கடைகள் வழியாக நடக்கிறது. வண்டியைக் கொடுத்ததும் கடைக்காரர் ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார். வாங்குபவர் பெயர் இருக்காது, தேதி இருக்காது. ஏன் என்று கேட்டால், பார்ட்டி வந்ததும் நிரப்பிக்கொள்கிறோம் சார் என்பார்.

அவர் பக்கத்தில் காரணம் இருக்கிறது. கடைக்காரர் தன் பெயருக்கு ஒரு தடவை மாற்றி, பிறகு வாடிக்கையாளர் பெயருக்கு மாற்றினால் இரண்டு கட்டணம், இரண்டு அலைச்சல். அதைவிட முக்கியம், ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். சிங்கிள் ஓனர் வண்டிக்கு இருக்கும் விலை இரண்டு ஓனர் வண்டிக்கு இல்லை. ஆகவே வண்டி மூன்று கடை மாறினாலும் காகிதத்தில் அது உங்களிடமிருந்து நேராகக் கடைசி ஆளுக்குப் போனதாகவே இருக்கும். அந்தக் கடைசி ஆள் கிடைக்கும் வரை, உங்கள் கையெழுத்திட்ட வெற்று ஃபார்மும் உங்கள் பெயரில் உள்ள வண்டியும் ஊர் ஊராகச் சுற்றும்.

இதைச் சரி செய்யத்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தின்படி, பழைய வண்டி விற்பவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி மூலம் தெரிவித்தால், அன்று முதல் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார், அந்த நாட்களில் நடப்பதற்கு அவர்தான் பொறுப்பு. வண்டியை அவர் சோதனை ஓட்டம், சர்வீஸ், காட்சிக்கு வைப்பது போன்ற வேலைகளுக்கு மட்டும்தான் எடுக்கலாம், அதற்கும் ஒரு மின்னணுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

நல்ல விதி. இந்தத் துறையில் வந்த உருப்படியான மாற்றம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அங்கீகாரம் இல்லாத கடைக்காரரிடம் இது செல்லாது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு விலை என்பது இல்லை, அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போட்டுத் தருவீர்களா என்பதுதான். இல்லை என்றால், கடைக்காரரையே வாங்குபவராக எழுதி, அவருடைய அடையாளச் சான்றோடு டெலிவரி நோட், அதாவது வண்டியைப் பெற்றுக்கொண்டேன் என்ற எழுத்து, வாங்காமல் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

## டெலிவரி நோட்டில் என்ன இருக்க வேண்டும்

டெலிவரி நோட் பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. 2018 தீர்ப்புக்குப் பிறகு அதை வைத்து இழப்பீட்டிலிருந்து தப்ப முடியாது. ஆனால் போலீஸ் விசாரணையில், 199ஏ மாதிரி வழக்கில், பிறகு வாங்கியவர் மீது நீங்கள் போடும் வழக்கில், கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். ஆகவே உருப்படியாக எழுத வேண்டும்: பதிவெண், சேசிஸ் எண், இன்ஜின் எண், தொகை, தேதி, அதோடு மணி. மணி எதற்கு? காலையில் வண்டியை எடுத்துப் போனவர் சாயங்காலமே இடித்துவிட்டு வந்த கதைகள் உண்டு. வாங்குபவரின் ஆதார் நகலில் அவர் கையெழுத்து, இரண்டு சாட்சி. தொகையை வங்கி வழியாக வாங்குவது நல்லது. 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனையில் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது, வாங்கினால் அதே அளவு அபராதம் விழலாம்.

ஃபார்ம் 29-இன் ஒரு நகலை நீங்களே ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பி ஒப்புகை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, அதில் பதிவு வசதியோடு அனுப்பலாம். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்கினால் இன்னும் நல்லது. காரில் ஃபாஸ்டேக் இருந்தால் அன்றே மூடிவிட வேண்டும், அது உங்கள் வங்கிக் கணக்கோடு கட்டப்பட்டது, வண்டியோடு சேர்த்து விற்கிற பொருள் இல்லை.

## பாண்டிச்சேரி வண்டி, பெங்களூரு வண்டி

விலை குறைவு என்று வெளி மாநில வண்டியை வாங்குகிறவர்கள் கணக்குப் போட மறக்கும் ஒரு தொகை உண்டு, வாழ்நாள் சாலை வரி. அது மாநிலத்துக்கு மாநிலம் தனி. புதுச்சேரியில் கட்டிய வரி தமிழ்நாட்டில் செல்லாது. 47-வது பிரிவின்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் பதிவெண் வாங்க வேண்டும், அப்போது வண்டியின் வயதைப் பொறுத்து இங்கே வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் மீதித் தொகையைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு ஒரு அலைச்சல்.

இந்த வகையில் விற்பவர் என்.ஓ.சி. வாங்கிக் கொடுப்பதுதான் முதல் படி. ஆர்.டி.ஓ. 30 நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று சொல்லாவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும் என்று 48-வது பிரிவு சொல்கிறது. காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் கையில் என்.ஓ.சி. இல்லாமல் அடுத்த மாநில ஆபீசில் இந்தப் பிரிவை வாசித்துக் காட்டி வேலையை முடித்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

## வாங்குகிறவருக்கு

சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் வாங்குகிறவர் பொதுவாக விழிப்போடுதான் இருப்பார். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்து பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு) எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சுற்றி ராவியது மாதிரியோ புது வெல்டிங் மாதிரியோ தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். எம்-பரிவாகன் செயலியில் கடன், இன்சூரன்ஸ், தகுதிச் சான்று நிலை தெரியும். திருட்டு வண்டியா என்று பார்க்கத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் வசதி இருக்கிறது. விற்பவர் ஆர்.சி.யில் உள்ள அதே ஆளா என்பதை அடையாள அட்டையோடு பாருங்கள். அண்ணன் வண்டி, மச்சான் வண்டி என்றால் அந்த அண்ணனோடு பேசாமல் காசு கொடுக்க வேண்டாம்.

15 வருடம் ஆன வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டணம் 2022-லிருந்து பைக்குக்கு 1,000, காருக்கு 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அதுவும் இரட்டிப்பாகிவிட்டது. 30,000 ரூபாய்க்குக் கார் கிடைக்கிறது என்று குதிக்கும் முன் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## ஆர்.சி.யே இல்லாத வண்டி: ஏடிவி

ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் கடற்கரை ரிசார்ட்டுகளிலும் ஓடும் நான்கு சக்கர ஏடிவி வண்டிகளைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பழையதாக வாங்குவதுண்டு. இங்கே நிலைமை தலைகீழ். இவற்றில் பெரும்பாலானவை இந்தியச் சாலைக்கான தர அனுமதி பெறாதவை. அனுமதி இல்லாததால் பதிவு இல்லை, பதிவு இல்லாததால் ஃபார்ம் 29-உம் இல்லை 30-உம் இல்லை. பெயரை மாற்றிக்கொடுக்கப் பதிவேடே கிடையாது.

அப்போது மிஞ்சுவது 1930 சட்டம் மட்டும். உரிமைக்கு ஆதாரம் கம்பெனி தந்த முதல் பில், அதன்மேல் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு ரசீது, சங்கிலி அறுபடாமல். இறக்குமதியான வண்டி என்றால் சுங்க ஆவணமும் வேண்டும். இவை இல்லாமல் வாங்கினால் நாளை யாராவது இது என் வண்டி என்று வந்து நின்றால் காட்ட ஒன்றும் இருக்காது. பில்லில் உள்ள எண்ணும் வண்டியின் சேசிஸில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது காரைவிட இதில் முக்கியம்.

ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம் சார், ஆள் இருக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தர அனுமதியே இல்லாத மாடலுக்கு நேர் வழியில் பதிவெண் கிடைக்காது. டிராக்டர் வகையில் அனுமதி பெற்று விற்கப்பட்ட ஒருசில மாடல்கள் விதிவிலக்கு, அவற்றுக்கு ஆர்.சி. உண்டு, கேட்டுப் பார்க்கலாம். மற்றதைத் தோட்டத்து வேலியைத் தாண்டி ரோட்டில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் பதிவில்லாத வண்டி ஓட்டிய குற்றம், முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், இன்சூரன்ஸும் இருக்காது.

## எப்போதோ விற்றாச்சு, இப்போது என்ன செய்வது

1. பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் நிம்மதி.

2. மாறவில்லை என்றால் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். நடப்பில் இருந்தால் யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம், வாங்கிய ஆளையோ கடைக்காரரையோ பிடித்துப் பெயர் மாற்ற வைக்க நேரம் இருக்கிறது. காலாவதி என்றால் அவசரம்.

3. டெலிவரி நோட், வங்கிப் பரிவர்த்தனை, வாட்ஸ்அப் பேச்சு, என்ன கிடைக்கிறதோ திரட்டுங்கள். விற்ற தேதியையும் வாங்கியவர் விவரத்தையும் எழுதி, உங்கள் பதிவு ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம், காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம், இரண்டுக்கும் ஒப்புகை. 14 நாள் எப்போதோ தாண்டியிருக்கும், அதற்கு 177-வது பிரிவில் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆர்.டி.ஓ. அதற்குப் பதிலாக ஒரு தொகை கட்டச் சொல்லலாம். கொடுத்துவிட்டுப் போவது மலிவு.

4. சலான் வந்திருந்தால் அதில் உள்ள இடமும் படமும் ஆளைக் கண்டுபிடிக்க உதவும். சலானைக் கட்டிவிட்டு மறந்துவிடாமல், நகலை மேலே சொன்ன கடிதத்தோடு இணையுங்கள்.

5. ஆள் கிடைத்தும் மாற்ற மறுத்தால் வக்கீல் நோட்டீஸ், அதற்கும் மசியவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றம். பெரும்பாலும் நோட்டீசோடு காரியம் முடிந்துவிடும். பெயர் மாற்ற 150 ரூபாய் ஆகும் பைக்குக்கு யாரும் வழக்கு நடத்த விரும்பமாட்டார்கள், எதிராளியும் சேர்த்து.